கோசைட்டா, ஸ்டிஷோவைட்டா: எந்தச் சாட்சி வலுவானது?

ஒரு பெரிய வட்டப் பள்ளம் விண்கல் மோதியதால் உண்டானதா, எரிமலை வெடித்து உண்டானதா? இந்த வழக்கில் அடிக்கடி சாட்சிக்கு வருபவை கோசைட், ஸ்டிஷோவைட் என்ற இரண்டு கனிமங்கள். மணலில் கிடக்கும் குவார்ட்ஸைப் போலவே இவையும் சிலிக்காதான், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தவை. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. மிகப் பெரிய அழுத்தத்தில்தான் இவை உருவாகும்; விண்கல் மோதலில் அது கிடைக்கும், எரிமலை வெடிப்பில் கிடைக்காது.

கோசைட் முதலில் ஆய்வகத்தில்தான் தெரியவந்தது. 1953-இல் அமெரிக்க வேதியியலாளர் லோரிங் கோஸ் அதைத் தயாரித்தார். 1960-இல் அரிசோனாவின் விண்கல் பள்ளத்தில் இயற்கையாகவும் கிடைத்தது. எரிமலை என்று பலர் நம்பிவந்த ஜெர்மனியின் ரீஸ் பள்ளத்திலும் அதைக் கண்டுபிடித்ததும் வாதம் விண்கல் பக்கம் சாய்ந்தது.

ஸ்டிஷோவைட்டின் கதையும் கிட்டத்தட்ட இதேதான்: 1961-இல் மாஸ்கோவில் ஸ்டிஷோவ், போபோவா என்ற விஞ்ஞானிகள் தயாரித்தார்கள், 1962-இல் அதே அரிசோனாப் பள்ளத்தில் கிடைத்தது. ஆனால் உள்கட்டமைப்பில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. குவார்ட்ஸிலும் கோசைட்டிலும் ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்; ஸ்டிஷோவைட்டில் ஆறு. அதனால்தான் குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கோசைட்டுடையது 2.9 என்றிருக்க, ஸ்டிஷோவைட் ஒரேயடியாக 4.3-ஐத் தொடுகிறது (கன சென்டிமீட்டருக்குக் கிராம் கணக்கில்). எனக்கு இதுதான் இந்தக் கனிமங்களிலேயே பெரிய வியப்பு.

சரி, யாரை நம்புவது? கோசைட்டுக்கு ஏறத்தாழ 3 கிகாபாஸ்கல் அழுத்தம் போதும். பூமிக்குள் சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த அழுத்தம் கிடைத்துவிடும். 1984-இல் மேற்கு ஆல்ப்ஸின் டோரா மைரா பாறைகளில் கார்னெட் என்ற கனிமத்தின் மணிகளுக்குள் கோசைட் சிக்கியிருந்ததைப் பிரெஞ்சுப் புவியியலாளர் கிறிஸ்டியான் ஷோபான் அறிவித்தார். அங்கே எந்த விண்கல்லும் மோதவில்லை. கண்டப் பாறையே அவ்வளவு ஆழம் போய்த் திரும்பியிருந்தது. ஆகவே மலைத்தொடரில் கோசைட் கிடைத்தால் உடனே விண்கல் என்று சொல்லக்கூடாது.

ஸ்டிஷோவைட்டுக்கு அதைவிட மூன்று மடங்கு அழுத்தம் வேண்டும். பூமியின் ஆழத்தில் அது உருவானாலும், சூடாகவும் மெதுவாகவும் மேலே வரும் வழியில் பிழைப்பது கடினம். எனவே மேற்பரப்புப் பாறையில் அது இருந்தால் நான் விண்கல் பக்கமே தீர்ப்பு சொல்வேன். ஆனால் அதற்கு வெப்பம் ஆகாது. அழுத்தம் விலகியபின் சில நூறு டிகிரி சூட்டிலேயே சிதைந்து கண்ணாடியாகிவிடும். அது இல்லாததை வைத்து மோதலே நடக்கவில்லை என்று வாதிடுவதை ஏற்க மாட்டேன். அப்படிப்பட்ட இடத்தில் கோசைட்டைத் தேடுவதே புத்திசாலித்தனம்.