கம்பளைப் பக்கத்துப் பழைய சாமான் கடை: கதவு வாங்கலாம், அஸ்பெஸ்டஸ் ஷீட் மட்டும் வேண்டாம்

வீடு திருத்தப் போகிறவர்கள் ஹார்ட்வெயார் கடையில் கணக்குத் திறக்குமுன் இங்கே ஒருதரம் போய்ப் பாருங்கள். கம்பளையிலிருந்து நாவலப்பிட்டி போகும் பக்கம், உடைத்த வீட்டுச் சாமான் விற்கும் கடை. பெயர் போடவில்லை, ஏன் என்று கீழே வாசித்தால் தெரியும். கதவு, நிலை, ஜன்னல், கைமரம், ஓடு, இரும்புக் கிராதி என்று மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஹட்டனில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக்குத் தேவையான மரச்சாமான் முழுக்க இங்கேதான் எடுத்தோம், புதுசுக்குச் சொன்ன விலையில் பாதிகூட ஆகவில்லை.

முக்கியமாகப் பலா. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது, அதனால் புதுப் பலா விலையைக் கேட்டாலே தலை சுற்றும். இங்கே கிடப்பது எப்போதோ வெட்டி, அறுத்து, பல வருஷம் யாரோ ஒருவர் வீட்டில் நின்று நன்றாகக் காய்ந்த மரம். நாங்கள் வாங்காவிட்டால் அடுப்புக்குத்தான் போகும். புதிதாக அறுத்த கிராண்டிஸ் என்ற யூக்கலிப்டஸ் மரத்தை ஈரம் காயாமல் நிலை போட்டால், எங்கள் ஊர் பனியிலும் மழையிலும் முறுக்கிக்கொண்டு கதவு சாத்தாது. வீட்டுவேலை செய்யும் பாஸ்மார் சொல்வது கொங்கிரீட் நிலை. மலிவுதான், ஆனால் உலகம் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய 7–8 சதவீதம் சீமெந்தால் வருகிறது. அதிலும் பாதிக்கு மேல் சுண்ணக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வெளிவருவது, என்ன எரிபொருள் போட்டாலும் அது குறையாது. சீமெந்து இல்லாமல் வீடு கட்ட முடியாது, சரி. மரம் இருக்கிற இடத்தில் அது எதற்கு?

கடைக்கார நானா நல்ல மனுஷன், ஆனால் பேச்சை அப்படியே நம்பவேண்டாம். எந்தக் கதவைத் தொட்டாலும் "நூறு வருஷத்துச் சாமான் தம்பி, துரை பங்களாவில் உடைச்சது" என்று ஒரே சாதகத்தைத்தான் வாசிப்பார். அத்தனை துரைமார் மலையகத்தில் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு ஆணியைக் கையில் கொண்டுபோய் நிலையின் கால் பக்கத்தில் குத்திப் பாருங்கள், தரையில் பட்ட இடம்தான் முதலில் உளுக்கும். எங்கள் நிலையில் ஒன்று மேலே பளபளவென்று இருந்தது, அடியில் ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது, அதைத் தள்ளிவிட்டு வேறு எடுத்தோம். ஓடு வாங்குவதென்றால் விரலால் சுண்டுங்கள், கணீரென்று கேட்டால் சரி, மொத்தையாகக் கேட்டால் வெடிப்பு. அப்புறம், பழைய கதவுகளுக்கு ஒரே அளவு கிடையாது. முதலில் கதவை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, அதற்கேற்ப வாசல் விடச் சொல்லுங்கள், மாறிச் செய்தால் பாஸ் நல்ல மரத்தைச் சீவித் தள்ளுவார்.

பழைய எனாமல் பெயின்ட்டைச் சுரண்டுவதில் கவனம் தேவை. பெயின்ட்டில் எவ்வளவு ஈயம் இருக்கலாம் என்று இலங்கையில் கட்டாய வரையறை நடைமுறைக்கு வந்தது 2013இல்தான், அதற்கு முந்திய பூச்சில் என்ன இருக்கிறதென்று கண்ணால் சொல்ல முடியாது. கிரைண்டர் போடாமல், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இனி, பெயர் போடாத காரணம். கதவுகளுக்குப் பக்கத்திலேயே பழைய அஸ்பெஸ்டஸ் ஷீட்டை அடுக்கி விற்கிறார்கள். நான் நிற்கும்போதே ஒரு பையன் வாயில் ஒரு துணிகூடக் கட்டாமல் ஷீட்டைக் கிரைண்டரால் வெட்டினான், தூசு எங்கள் சட்டையெல்லாம். எந்த வகை அஸ்பெஸ்டஸ் என்றாலும் புற்றுநோய் வரும் என்பது உலக சுகாதார நிறுவனம் எப்போதோ சொல்லி முடித்த விஷயம். நம் நாடும் தடைசெய்யத்தான் இருந்தது. 2017 டிசம்பரில் தேயிலையில் வண்டு என்று சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. நம்மவர்கள் அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிப்போட்டார்கள், தேயிலை திரும்பக் கப்பல் ஏறியது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்பது யார் என்று கேட்கவேண்டியதில்லை. மற்ற எல்லாவற்றிலும் பழசை எடுப்பது நல்லது, இதில் மட்டும் இல்லை. உங்கள் கூரையில் ஏற்கெனவே ஷீட் உடையாமல் இருந்தால் தொடாமல் விடுங்கள், கழற்றியே ஆகவேண்டுமென்றால் நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்குங்கள். நானாவிடம் சொன்னேன், "வாங்க ஆள் இருக்கே தம்பி" என்றார். அதுவும் பொய்யில்லை.

மற்றபடி பில் தரமாட்டார்கள், திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். ஆனால் நீங்கள் கழற்றிய ஜன்னல், கம்பி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு விலையில் கழிக்கிறார்கள், இது பலருக்குத் தெரியாது. கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு லொறிக்கூலி அதிகம், ஒற்றைக் கதவுக்கு ஏற்றினால் மிச்சம் பிடித்த காசும் டீசலும் பாதையிலேயே போய்விடும். பக்கத்து வீட்டிலும் வேலை நடந்தால் சேர்த்து ஏற்றுங்கள்.

கடைக்கு என் புள்ளி ஐந்துக்கு மூன்றரை, ஷீட்டை நிறுத்தினால் நாலரை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் பூட்டிவிடுவார்கள், அன்றைக்கு என்றால் காலையிலேயே போய்விடுங்கள்.