ஹெட்டர் மாட்டக் கொடுத்தேன், கன்வெர்ட்டரைக் கழற்றிக்கொண்டார்கள்

காருக்கு ஹெட்டர் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) மாற்ற நினைப்பவர்கள், முக்கியமாக எங்கள் கோவைப் பக்கம் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு வண்டியைப் பட்டறையில் விடுங்கள். எனக்கு எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவானது. அதைவிட, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் பாகம்) இல்லாத வண்டியின் புகையை மூன்று மாதம் என் அம்மா சுவாசித்ததுதான் மனசில் ஆறாமல் கிடக்கிறது.

என்னுடையது 2018 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், பிஎஸ்-4 புகை விதிப்படி வந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. இன்னும் கொஞ்சம் பிக்கப் வேண்டும், சத்தம் கொஞ்சம் கம்பீரமாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான். நண்பர் ஒருவர் சொன்ன பட்டறைக்குப் போனேன். சுவர் முழுக்க செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எடுத்த படங்கள். ரேஸ் காருக்கு வேலை செய்கிற கை என்று நம்பிவிட்டேன். நான்கு குழாய் இரண்டாகி ஒன்றாகச் சேரும் ஸ்டீல் 4-2-1 ஹெட்டர் 28,000, அதற்கேற்ப இன்ஜின் கணினியின் (ஈசியூ) மென்பொருளை மாற்றும் ரீமேப் 14,000, பத்து குதிரைத்திறன் ஏறும் என்றார் உரிமையாளர். "அண்ணா, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அப்படியே இருக்கும்ல?" என்று கேட்டேன். "அதெல்லாம் நாம பாத்துக்கலாங்க தம்பி" என்றார். அதை 'இருக்கும்' என்று எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

இரண்டே நாளில் வண்டி வந்தது. சத்தம் பிடித்திருந்தது. இன்ஜின் லைட் எரியவில்லை. ஒரு வாரம் கழித்துதான் அந்த வாடையைக் கவனித்தேன். பழைய அம்பாசிடருக்குப் பின்னால் பைக்கில் போனால் தொண்டையில் ஏறுமே, அதே எரிச்சல். எங்கள் வீட்டில் கார் நிற்கும் போர்ட்டிகோவை ஒட்டித்தான் அம்மாவின் அறை ஜன்னல். அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. காலையில் நான் வண்டியை எடுத்துப் போன பிறகு தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மழை, பனி என்று ஏதோ காரணம் சொல்லி நானும் விட்டுவிட்டேன். மைலேஜ் 17-லிருந்து 14-க்கு இறங்கியது. குன்னூர் மலைப்பாதையில் முன்பு மூன்றாவது கியரில் ஏறிய வளைவுகளில் இரண்டாவது கேட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

புகைச் சான்றிதழ் முடிந்து புதுப்பிக்கப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. அங்கிருந்த பையன் பைப்புக்குள் அளவுக் குழாயை முறையாக விட்டு அளந்தான். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது (ஐட்லிங்) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் வண்டியில் 1.84. ஹைட்ரோகார்பன் 200-க்குள் இருக்க வேண்டும், 460 காட்டியது. இரண்டாவது முறையும் அளந்துவிட்டு, "ஏனுங்க சார், இதுல கன்வெர்ட்டர் இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

நேராக எங்கள் பழைய மெக்கானிக்கிடம் போனேன். லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். ஹெட்டருக்குக் கீழே வெறும் பைப். புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் பின்பக்கச் சென்சார் மட்டும் பைப்பை விட்டு ஒரு விரல் தூரம் விலகி நின்றது. இடையில் கட்டைவிரல் பருமனில் மரையுள்ள ஸ்டீல் துண்டு ஒன்று. அதற்கு 'ஸ்பேசர்' என்று பெயராம். அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "உங்களை ஏமாத்துனது இதுதான்" என்றார்.

அது என்ன வேலை செய்கிறது என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னால் இருப்பதன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்தால் பின்னால் இருப்பது ஏறக்குறைய நிலையாக இருக்கும். இரண்டும் ஒன்றுபோல ஆட ஆரம்பித்தால் ஈசியூ P0420 என்ற பிழைக் குறியீட்டைப் பதிந்து இன்ஜின் லைட்டை எரியவிடும். ஸ்பேசர் போட்டால் பின் சென்சார் புகையின் ஓட்டத்திலிருந்து விலகிவிடும். கன்வெர்ட்டரே இல்லாத வண்டியில் அது இருப்பதாக ஈசியூ நம்பிக்கொள்ளும். அதாவது தெரியாமல் நடந்த வேலை இல்லை இது. லைட் எரிந்தால் நான் திரும்பி வருவேன் என்று தெரிந்துதான் அதை மாட்டியிருக்கிறார்கள்.

ஹெட்டர் மாற்றினால் ஏன் கன்வெர்ட்டர் போகிறது? கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி இருக்கும், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. ஏறத்தாழ 250, 300 டிகிரி சூடேறினால்தான் அது வேலையை ஆரம்பிக்கும். சீக்கிரம் சூடாகட்டும் என்று இப்போதைய கார்களில் இன்ஜினை ஒட்டி, மேனிஃபோல்டுடனேயே (கம்பெனி மாட்டித் தரும் புகைக் குழாய்த் தொகுதி, ஹெட்டர் இதற்குப் பதிலாகத்தான் வருகிறது) சேர்த்து வைக்கிறார்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அது தரைக்கு அடியில் தனியாக இருக்கும், ஹெட்டரை மட்டும் மாற்ற முடியும். என்னுடைய மாதிரி வண்டியில் மேனிஃபோல்டைக் கழற்றினால் கன்வெர்ட்டரும் கூடவே வந்துவிடும். கீழே வேறொரு கன்வெர்ட்டர் வைத்தால்தான் சரி. அதற்குத் தனிச் செலவு. அதைச் சொன்னால் வாடிக்கையாளர் யோசிப்பார் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பட்டறைக்குப் போன் செய்து கேட்டேன். "ஹெட்டர்னா அப்படித்தானுங்க, கேட் (கன்வெர்ட்டர்) இருந்தா பவர் வராது" என்றார் உரிமையாளர். சரி, என் பழைய பாகம் எங்கே? "ஸ்கிராப்புல போயிருச்சு." அந்த உலோகங்களுக்காகவே பழைய கன்வெர்ட்டரை நல்ல விலைக்கு எடுக்க ஆள் இருக்கிறார்கள். என் பொருளை என்னிடம் கேட்காமல் விற்றுவிட்டு, அதை மறைக்கிற வேலைக்கும் என்னிடமே காசு வாங்கியிருக்கிறார். பில்லைத் தேடினேன். 'ஹெட்டர் ஃபிட்டிங், ரீமேப்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியிருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை.

சோதனையில் பிடிபட்டால் மாட்டிக்கொள்வது வண்டியின் சொந்தக்காரர்தான், பட்டறை இல்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாசு அளவை மீறிய வண்டியைச் சாலையில் ஓட்டினால் 190-ஆவது பிரிவில் 10,000 வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் போகும். டிராக்கில் ஓடும் ரேஸ் காரில் செய்கிற வேலையைக் காட்டி நம் வண்டியில் கை வைக்கிறார்கள். டிராக்கில் மட்டும் ஓடுகிற கார் லாரியில் ஏறி வந்து லாரியில் ஏறிப் போகிறது. நம் கார் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது.

1995-இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது, அது கெட்டுப்போகக் கூடாது என்றுதான் ஈயமில்லாத பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000-இல் நாடு முழுக்க ஈய பெட்ரோலையே நிறுத்தினார்கள். ஒரு பாகத்துக்காக இவ்வளவு செய்திருக்கிறார்கள். அதை ஒரு மதியத்தில் கழற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். தெரிந்த வழக்கறிஞர் மூலம் நோட்டீஸும் அனுப்பினேன். நல்லவேளையாக 'கேட்' பற்றிக் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் பணம் அனுப்பிய விவரமும் போனில் இருந்தன. ரீமேப் காசு 14,000 மட்டும் திரும்ப வந்தது. பழைய ஈசியூ ஃபைலையும் கொடுத்தார்கள், அதுவும் மூன்று முறை நடந்த பிறகு.

நீங்கள் எந்தப் பட்டறைக்குப் போனாலும் வேலைக்கு முன்னால் 'கன்வெர்ட்டர் எங்கே இருக்கும்' என்று எழுத்தில் கேளுங்கள். "பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் கையில் வாங்குங்கள். ரீமேப் என்றால் பழைய ஃபைலின் பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ஏற்கெனவே மாற்றியவர்கள் லிஃப்டில் ஏற்றி, பின் சென்சார் பைப்போடு ஒட்டி நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கன்வெர்ட்டரோடு சேர்ந்த புது மேனிஃபோல்டு, கூலியோடு 39,500 ஆனது. மாட்டுவதற்கு முன் மெக்கானிக் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். நெல்மணி நுழையாத அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்து வெளிச்சம். மறுநாள் அதே இடத்தில் அளந்தபோது கார்பன் மோனாக்சைடு 0.04. ஒரு வாரத்தில் அம்மாவின் காலைத் தலைவலி நின்றது.

கழற்றிய ஹெட்டரைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறேன். நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று இரண்டு பேர் கேட்டார்கள். எந்த வண்டிக்கு, கன்வெர்ட்டரை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேரிடமும் பதில் இல்லை. கொடுக்கவில்லை.