குதிகால் வலி: ஊசியா, செருப்பா, வாசற்படியா?

எங்கள் குடும்பத்தில் குதிகால் வலிக்கு மூன்று கட்சிகள் உண்டு. ராமேசுவரம் கோயிலில் தீர்த்தம் இறைக்கும் மச்சான் ஊசிக் கட்சி. பாம்பனில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் அக்கா செருப்புக் கட்சி. தங்கச்சிமடத்தில் மளிகைக் கடையில் நாள் முழுதும் சிமெண்ட் தரையில் நிற்கிற நான் பயிற்சிக் கட்சி. நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும். மற்ற இரண்டு கட்சிகளின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மூவருக்கும் வலி ஒன்றுதான். காலையில் பாயை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலின் உள்பக்கம் சுரீரென்று குத்தும். நாலு அடி நடந்தால் தணியும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்தும். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை உள்ளங்காலைத் தாங்கி ஓடும் தடித்த சவ்வு, எலும்போடு சேரும் இடத்தில் நைந்துபோவதால் வருவது இது. எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முளையைக் கண்டு மிரள வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கிறது. கால் மரத்துப்போனாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, படுத்திருக்கும்போதும் வலி விடாவிட்டாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள்.

வீட்டு வைத்தியமான செங்கல் ஒத்தடம் எல்லாக் கட்சிக்கும் பொது. செங்கல்லைச் சூடாக்கி, மேலே எருக்கிலையை வைத்துக் குதிகாலை அழுத்தினால் சூடு இருக்கும்வரை சுகமாகத்தான் இருக்கிறது. எருக்கம்பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது. சர்க்கரையால் கால் உணர்ச்சி குறைந்தவர்கள் செங்கல் பக்கமே போகாதீர்கள், வெந்தது தெரியாது.

ஸ்டீராய்டு ஊசி வேகத்தில் மற்ற இரண்டையும் தோற்கடித்துவிடும். மச்சானுக்குச் சில நாளிலேயே வலி விட்டது. ஆனால் சில வாரம், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம் என்பதுதான் பொதுவாக அதன் ஆயுள். அவருக்கும் வலி திரும்பியது. மீண்டும் மீண்டும் போட்டால் குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பு மெலியலாம், சவ்வே அறுந்தும் போகலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாள் அளவு ஏறும். கல்யாணம் காட்சி என்று அவசரமாக நடமாட வேண்டியவர்களுக்கு ஒருமுறை போட்டுக்கொள்வதைக் குறைசொல்ல மாட்டேன்.

அக்காவின் எம்.சி.ஆர் செருப்பை நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிற மெத்தைச் செருப்பு அது. போட்ட முதல் நாளே காலுக்கு இதமாக இருக்கும். பராமரிப்புதான் தொல்லை. மீன் இறங்குதளத்தின் உப்புத் தண்ணீரில் தினமும் நனைந்தால் வாரின் தையலில் உப்புப் பூக்கிறது; ஒட்டு விட்ட இடுக்கில் மணல் ஏறுகிறது. குதிகால் படும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி மீண்டு எழாவிட்டால் மெத்தை செத்துவிட்டது, செருப்பு மட்டும் மிச்சம். குதிகாலுக்கு அடியில் வைக்கும் சிலிகான் கிண்ணம் ஷூவுக்குள் ஒழுங்காக நிற்கும். ஆனால் இந்தக் கரையில் ஷூ போடுகிறவர்கள் எத்தனை பேர்? ரப்பர் செருப்பில் வைத்தால் வழுக்கி வெளியே வந்துவிடுகிறது.

உப்பும் மணலும்கூடப் போகட்டும். செருப்பில் இருக்கிற வைத்தியம் செருப்பைக் கழற்றியதும் வாசலோடு நின்றுவிடுகிறது. என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். வீட்டுக்குள், கோயிலில், பள்ளிவாசலில், துக்க வீட்டில் என்று ஒரு நாளில் வெறுங்காலோடு நிற்கிற நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். காலையில் மிக மோசமாகக் குத்தும் அந்த முதல் அடியையே வெறுங்காலோடுதான் வைக்கிறோம். மச்சானின் பிழைப்போ முழுக்கவே வெறுங்கால். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் ஈரக் கருங்கல். கிணற்றின் விளிம்பில் ஏறி நின்று வாளியை இழுக்கும்போது உடம்புப் பாரம் முழுதும் பாதத்தின் நடுவில் இறங்கும். "செருப்போடு போய் இறைக்க முடியுமா மாப்பிள்ளை?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குள் மட்டும் தனிச் செருப்பு வைத்துக்கொள்ளலாம். எங்கள் அம்மா இருக்கும்வரை அது நடக்காது.

பயிற்சிக்குக் காலும் வாசற்படியும் ஒரு துண்டும் போதும். பாயை விட்டு இறங்கும் முன்பே வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக வளைத்து இழுக்க வேண்டும். மற்றக் கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் சவ்வு கயிறுபோல் விறைத்து நிற்பது தெரியும். தெரியாவிட்டால் இழுத்தது போதவில்லை. பத்து விநாடி பிடித்து விட வேண்டும். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை.

அடுத்தது வாசற்படி. சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் கொடுத்து, படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்த வேண்டும்: மூன்று விநாடி ஏற, இரண்டு நிற்க, மூன்று இறங்க. தொடக்கத்தில் பன்னிரண்டு முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். டென்மார்க்கில் 48 பேரை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், இப்படிச் செய்தவர்கள் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மூன்றாம் மாதத்தில் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். ஓராண்டில் இரு தரப்பும் சமமாகிவிட்டது. இரு தரப்புக்கும் காலணிக்குள் குதிகாலுக்கு வைக்கும் ஜெல் மெத்தையும் கொடுத்திருந்தார்கள் என்பதை அக்கா அடிக்கடி நினைவூட்டுவார், நியாயம்தான்.

முதல் சில வாரம் ஒன்றும் தெரியாது. பலர் விட்டுவிடுவது அங்கேதான். எனக்கும் மெல்ல மெல்லத்தான் தணிந்தது. கடையைத் திறக்கும் முன் படியில் நின்று செய்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். இரண்டு நாளில் அவர்களுக்கே அலுத்துவிடும். "மணலில் நட, சரியாகிவிடும்" என்ற எங்கள் ஊர் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். தனுஷ்கோடியின் பொதபொத மணலில் குதிகால் விரல்களைவிடத் தாழப் புதைவதால் கெண்டைக்காலுக்குத்தான் பாரம் கூடும். அலையோரத்து ஈர மணல் கெட்டியானது, பரவாயில்லை.

கருவி வைத்துக் குதிகாலில் அதிர்வலை செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சையை எங்கள் மூவரில் யாரும் எடுத்ததில்லை. அதைப் பற்றி நான் பேசுவதற்கில்லை. அக்கா செருப்பை விடாமல் காலையில் விரலை மட்டும் இழுத்துக்கொள்கிறார். மச்சான் அடுத்த ஊசிக்குத் தேதி கேட்பதைத் தள்ளிப்போட்டுவிட்டு, நடை சாத்தும் மதியத்தில் வீட்டுப் படியில் ஏறி நிற்கிறார்.