செல்லூருக்கு கான்கிரீட் கால்வாயா, கண்மாயா?

2024 அக்டோபர் 25, மதியம் மூணு மணிக்கு கால் மணி நேரத்துலயே 4.5 செ.மீ. மழை கொட்டி மதுரை செல்லூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் செல்லூர் கண்மாய்ல (ஏரிதான்) இருந்து வைகை ஆத்துக்கு 290 மீட்டர் சிமெண்ட் கால்வாய், 11.9 கோடின்னு அரசு அறிவிச்சுச்சு. அப்ப இருந்து டீக்கடைல ரெண்டு கட்சி. கால்வாய் கட்டுனா போதும்ங்கறது ஒண்ணு, கண்மாயை சரி பண்ணாம கால்வாய் எதுக்குங்கறது இன்னொண்ணு.

கால்வாய் பக்கம் நியாயம் இருக்கு. வேலை சீக்கிரம் முடியும், தண்ணி தானா இறங்கி ஆத்துக்குப் போயிரும், கூட ஆள் நிக்க வேண்டியதில்ல. ஆனா வைகையே கரை தொட்டு ஓடுற அன்னிக்கு கால்வாய்த் தண்ணி ஆத்துக்குள்ள இறங்க முடியாம எதிர்த்துக்கிட்டு நிக்கும். தவிர அக்டோபர்ல வழிச்சு விட்டுட்டு ஏப்ரல்ல குடத்தோட லாரிக்கு நிக்குறோமே, அந்தக் கணக்கு இதுல வராது. லோயர் கேம்ப்ல இருந்து பைப்ல வர்ற பெரியாறு தண்ணி குடிக்கத்தான், அதுல வீட்டு போர்வெல் ஊறாது. (2017ல வைகை டேம்ல தெர்மாகோல் மிதக்கவிட்ட ஊர்க்காரய்ங்க நாம, வறட்சியைப் பத்தி நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம்.)

கண்மாய்ன்னா வெள்ளம், வறட்சி ரெண்டுக்கும் ஆகும்னு ஈஸியா சொல்லிர்றோம், நானும் சொல்லிருக்கேன். சிக்கலே அங்கதான். வறட்சிக்கு கண்மாய் நிறைஞ்சு கிடக்கணும், வெள்ளத்துக்கு காலியா இருக்கணும், ஏற்கெனவே ததும்பிக்கிட்டு இருந்தா புதுசா வர்ற தண்ணியை எங்க வாங்கும், அப்படியே மறுகால்ல, அதாவது மிச்சத் தண்ணி வெளியேறுற வழில தள்ளி விட்டுரும். அதனால மிச்சத் தண்ணி வழியுற கலுங்குல ஷட்டர் வேணும், மழைக்கு முன்னாடி கொஞ்சம் இறக்கி வச்சு சீசன் கடைசில நிரப்பிக்கணும், அதுக்கு அந்தக் காலத்துல தண்ணி திறந்து மூடுன நீர்க்கட்டி மாதிரி ஒரு ஆளும் வேணும். ஜேசிபியை விட்டு நடுவுல பள்ளம் தோண்டுனா மட்டும் ஆச்சா? கண்மாய்க்கு தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால் அடைஞ்சு கிடந்தா பள்ளத்துல என்ன சேரும்? வண்டியூர் தெப்பக்குளத்தைப் பாருங்க, 1645ல வெட்டுனது, ரொம்ப வருஷம் கிரிக்கெட் கிரவுண்டாத்தான் கிடந்துச்சு, பனையூர் கால்வாயை சரி பண்ணி வைகைத் தண்ணியை விட்டப்புறம்தான் நிறைஞ்சுச்சு.

போன கண்மாய் போனதுதான், கண்மாய் மேலயே கட்டுன தல்லாகுளம் மாநகராட்சி ஆபீஸையும் உலகனேரி ஹைகோர்ட்டையும் இனிமே நகத்தவா முடியும்.

என்னைக் கேட்டா செல்லூருக்கு கால்வாய் வேணும், ஆனா கண்மாய்க்கு வடிகாலா, கண்மாய்க்கு பதிலா இல்ல. செல்லூர் கண்மாய்ல இருந்து வைகைக்குப் போற பந்தல்குடி வாய்க்கால்ல சாக்கடை கலக்குறதையும் கையோட நிறுத்தணும். அப்புறம் இன்னொண்ணு, கண்மாய் நீர்வளத்துறை கையில, தெரு வாய்க்கால் மாநகராட்சி கையில, ராத்திரி பத்து மணிக்கு மழை பிடிச்சா ஷட்டர் சாவி யார்கிட்ட இருக்கும்னு இப்பவே முடிவு பண்ணட்டும்.