1901 மிச்சிகனா, 1912 கார்லைலா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது. காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை, முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவார்களே, அது. அரை மணியில் ஒரு சீசனைத்தான் உருப்படியாகச் சொல்ல முடியும். கடைசியில் இரண்டு மிஞ்சின: மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் 1901 சீசன், கார்லைல் அணியின் 1912 சீசன். நான் கார்லைலை எடுத்தேன்.

மிச்சிகனுக்காக வாதாடுவது சுலபம். 11 ஆட்டம், 11 வெற்றி, எடுத்தது 550 புள்ளி, கொடுத்தது பூஜ்ஜியம். பஃபலோவை 128-0. பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்டுக்கு அங்கே அதுதான் முதல் வருடம்; அதற்கு முந்தின வருடம் ஸ்டான்ஃபோர்டில் இருந்தவர். 1902 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் பசடேனாவில், அந்த ஊர்ப் புத்தாண்டு ரோஜா விழாவில் நடந்த, முதல் ரோஸ் பவுலாக இன்று எண்ணப்படும் ஆட்டத்தில், அதே ஸ்டான்ஃபோர்டை மாற்று ஆளே இறக்காமல் 49-0 என்று உரித்தெடுத்தார்கள். நேரம் முடியும் முன்பே ஸ்டான்ஃபோர்டு போதும் என்றுவிட்டது. அப்புறம் 1916 வரை அந்த விழாவில் ஃபுட்பாலே கிடையாது.

புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதற்கு, 1901இல் 5 புள்ளி, 1912இல் 6. பந்தை முன்னால் எறிவது 1906இல்தான் அனுமதிக்கப்பட்டது.

எனக்கு முடிவைத் தந்தது வேறு விஷயம்: எங்கே போய் ஆடினார்கள் என்பது. மிச்சிகன் பெரும்பாலும் சொந்த ஊரான ஆன் ஆர்பரில் ஆடியது. கார்லைல், சரியாகச் சொன்னால், கல்லூரியே இல்லை; 1879இல் பென்சில்வேனியாவில் ஒரு பழைய ராணுவ முகாமில், பூர்வகுடிப் பிள்ளைகளின் மொழியையும் பழக்கத்தையும் அழிக்கவென்றே அரசு நடத்திய விடுதிப் பள்ளி. டிக்கெட் வசூல் பெரிய ஊர்களில்தான், அதனால் ஆரம்பத்துச் சின்னக் கல்லூரிகளை விட்டால் சீசன் முழுக்க ரயிலில்தான் ஓட்டம். 1912 நவம்பரை மட்டும் பாருங்கள்: லீஹை, ஆர்மி (வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி அணி), பென்சில்வேனியா பல்கலைக்கழகம், ஸ்பிரிங்ஃபீல்டு, பிரௌன், ஐந்தும் அடுத்தவர் மைதானம். உள்ளூர்க் கூட்டத்தின் கூச்சலும் பயணக் களைப்பும் வாரா வாரம் கூடவே வரும். அப்படியும் 12 வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி.

அதிலும் நவம்பர் 9, வெஸ்ட் பாயின்ட். எதிரே நிற்பது ராணுவ அதிகாரியாகப் போகிற பையன்கள். கார்லைல் பையன்களில் பலருடைய தாத்தாக்கள் அதே ராணுவத்தோடு சண்டை போட்டவர்கள். பாப் வார்னர் பயிற்சியில் கார்லைல் 27-6 என்று ஜெயித்தது. அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கி வந்திருந்த ஜிம் தோர்ப்தான் ஆட்டத்தின் நாயகன். அவரை மடக்கப் பார்த்துத் தோற்றவர்களில் ஒருவர் ஐசன்ஹோவர், பின்னாளில் ஜனாதிபதி. அடுத்த வாரமே கார்லைல் பென்சில்வேனியாவிடம் 34-26 என்று தோற்றது. அந்தத் தோல்வியும் எனக்குப் பிடிக்கும், மனிதர்கள் ஆடிய சீசன் மாதிரி இருக்கிறது.

மிச்சிகன் ரசிகர்கள் ஒன்று கேட்பார்கள்: 1901இல் இதே கார்லைலை நாங்கள் 22-0 அடித்தோமே? அடித்தீர்கள், சரி. ஆனால் 1901இல் தோர்ப்பும் கிடையாது, அதே விதிகளும் கிடையாது. தடுப்பாட்டத்தைப் பொறுத்தவரை, நான் இதை ஆடிப் பார்த்தவன் இல்லை. ஒரு சீசன் முழுக்க ஒரு புள்ளிகூட விடாமல் இருப்பதன் அருமை ஆடியவருக்குத்தான் தெரியும், அவர்கள் மிச்சிகன் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பேச்சு முடிந்ததும் ஒரு சிறுமி கேட்டது ஆட்டத்தைப் பற்றியே இல்லை. முன்பு காசு வாங்கி பேஸ்பால் ஆடினார் என்று 1913இல் தோர்ப்பிடமிருந்து பறித்த பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார்களா என்றாள். 1982இல் திருப்பித் தர முடிவு செய்தார்கள் என்றேன். "அப்போ அவர் இருந்தாரா?" 1953லேயே இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டியிருந்தது.