டப்பாவில் கிடக்கும் காசு: வங்கியா, கடையா, உண்டியலா, சேகரிப்பாளரா?

பூஜை அலமாரியிலோ சமையலறை மேல்தட்டிலோ அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு சில்லறை டப்பா இருக்கிறது. கொட்டிப் பார்த்தால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், கடையில் யாரும் வாங்காத ஐம்பது பைசா, தாத்தா காலத்து ஓட்டைக் காசு, நாலாக மடித்த பழைய நோட்டு என்று எல்லாம் கலந்து கிடக்கும். அப்படியே அள்ளிக்கொண்டு போய் ஒரே இடத்தில் கொடுப்பவர்கள்தான் அதிகம். நஷ்டம் வருவதும் அதில்தான். இன்றும் செல்லுகிற காசு, செல்லாத காசு, வெள்ளிக் காசு, நோட்டு என்று முதலில் பிரித்துவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் போகவேண்டிய இடம் வேறு.

செல்லுகிற காசு: வங்கியும் கடையும்

25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் இறுதியோடு முடிந்துவிட்டன. 50 பைசா முடியவில்லை. கடைக்காரர் தலையை ஆட்டினாலும் சட்டப்படி அது இன்றைக்கும் பணம்தான். நாணயச் சட்டம் 2011 சொல்லும் கணக்கு இது: ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு கொடுக்கல் வாங்கலில் 1000 ரூபாய் வரை செல்லும், 50 பைசா 10 ரூபாய் வரை செல்லும். அதற்கு மேல் நாணயமாகக் கொடுத்தால் வாங்க மறுக்க எதிராளிக்கு உரிமை உண்டு.

வங்கிக்கு இந்த உச்சவரம்பு இல்லை. வாடிக்கையாளர் எவ்வளவு நாணயம் கொண்டுவந்தாலும் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் ரிசர்வ் வங்கியின் நிலை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாயை எடைபோட்டே வாங்கிக்கொள்ளலாம் என்றும், நூறு நூறாகப் பாக்கெட் போட்டிருந்தால் இரு தரப்புக்கும் வசதி என்றும் வங்கிகளுக்கு அது சொல்லியிருக்கிறது. கவுன்டரில் நடப்பது வேறு. "இன்னைக்குக் கூட்டமா இருக்கு, அப்புறம் வாங்க" என்ற பதில் எனக்கும் கிடைத்திருக்கிறது. மாத முதல் வாரத்தை விட்டுவிட்டு, கூட்டம் இல்லாத மதியத்தில், பாக்கெட் போட்ட காசோடு போனால் அந்தப் பதில் பெரும்பாலும் வராது. அப்படியும் மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வழி இருக்கிறது.

கடையில் இந்த அலைச்சல் இல்லை. பேருந்து நிலையத்து டீக்கடை, பூக்கடை, காய்கறி வண்டி இங்கெல்லாம் காலை நேரத்தில் சில்லறைக்குத் தவிப்பார்கள். ஐம்பது, நூறு ரூபாய்க்கு எண்ணிக் கொடுத்தால் நோட்டை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். சில நூறு ரூபாய்க்குள் என்றால் கடை, அதற்கு மேல் என்றால் வங்கி என்பது என் கருத்து. காசு உடனே கை மாறி ஓட ஆரம்பிக்கிறது என்பதால் கடைக்கே என் முதல் ஓட்டு.

பத்து ரூபாய் நாணயம் மட்டும் தனிக் கதை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் கண்டக்டரும் கடைக்காரரும் அதை வாங்க மறுத்தது எல்லோருக்கும் தெரியும். ரூபாய்க் குறி உள்ளது அசல், இல்லாதது போலி என்ற வதந்திதான் காரணம். 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. 14440 என்ற தொலைபேசி எண்ணையும் இதற்காகவே கொடுத்தது. மறுக்கும் இடத்தில் வாக்குவாதம் செய்வதைவிட வங்கிக் கணக்கில் கட்டிவிடுவது நல்லது.

மொய்க்கு ஒரு ரூபாய் நாணயம் எப்போதும் வேண்டும். 101, 501 என்று எழுதும் வரை அதற்கு மவுசு குறையாது. பளபளப்பாக இருப்பதில் பத்து இருபதை எடுத்து வைத்துவிட்டு மீதியை வெளியே விடுங்கள்.

உண்டியல்

நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு உண்டியலுக்குத்தான் போகவேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் செல்லாத நாலணாவையும் பத்துப் பைசாவையும் "சாமிக்குப் போகட்டும்" என்று போடுவது எனக்கு ஏற்புடையதல்ல. எண்ணுகிறவர்கள் உட்கார்ந்து அதைத் தனியாகப் பொறுக்க வேண்டும், கோயிலுக்கு ஒரு பைசா வரவும் கிடையாது. முடிப்புக் காசையும் சீக்கிரம் செலுத்திவிடுவது நல்லது. 25 பைசாவாக முடிந்து வைத்துவிட்டு 2011க்குப் பிறகு பிரித்தவர்கள் உண்டு.

செல்லாத காசு: சேகரிப்பாளரும் இணைய விளம்பரமும்

சதுர ஐந்து பைசா, அறுகோண இருபது பைசா, விளிம்பு வளைந்து வளைந்து போகும் பத்துப் பைசா. கையில் எடுத்தால் எடையே தெரியாத அந்த அலுமினியக் காசுகள் கோடிக்கணக்கில் அச்சானவை. அதனால் சேகரிப்பாளர் கொடுக்கும் விலையும் சொற்பம்தான். விலை வருவது ஆண்டு, அச்சான நாணயச்சாலை, தேய்மானம் மூன்றையும் பொறுத்தது. ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டில் ஒரு நாணயச்சாலையின் காசு ஏராளமாகவும் இன்னொன்றின் காசு அரிதாகவும் இருக்கும். நாணயக் கண்காட்சிக்குப் போனால் இரண்டு மூன்று மேஜைகளில் காட்டி விலை கேட்டுப் பாருங்கள். ஒரே ஆளிடம் ஒட்டுமொத்தமாகக் கொடுக்க வேண்டாம்.

இணையத்தில் வருவது வேறு ரகம். டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சங்கள், 786 எண் நோட்டுக்கு லட்சங்கள், வைஷ்ணவதேவி ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் என்பார்கள். தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்பார்கள். அதில் துளித் தங்கமும் இல்லை; லட்சுமி பூஜைக்கு 108 காசு சேர்ப்பவர்கள் தேடுவதால் கொஞ்சம் விலை இருக்கிறது, அவ்வளவுதான். லட்சம் தருகிறேன் என்பவர் பேச்சு கடைசியில் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று நம்மிடம் பணம் கேட்பதில் வந்து நிற்கும். ரிசர்வ் வங்கியின் பெயரையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. வாங்குகிறவர் நம்மிடம் பணம் கேட்டால் அந்த நிமிடமே பேச்சை முறித்துவிடுங்கள்.

பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும் யோசனை வேண்டாம். நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

வெள்ளி ரூபாய்: நகைக்கடையும் சேகரிப்பாளரும்

டப்பாவில் நிஜமான பணம் இருந்தால் இந்தக் குவியலில்தான் இருக்கும். விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய் ஒவ்வொன்றும் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் வெள்ளி 91.7 சதவீதம், சுமார் 10.7 கிராம். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் வெள்ளி பாதிதான், 5.83 கிராம். 1947இல் வந்த புலி போட்ட ரூபாய் முழு நிக்கல். காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். 1969இல் வந்த காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாயையும் தேடுங்கள். 15 கிராமில் 80 சதவீதம் வெள்ளி.

நகைக்கடையில் எடைக்கு விலை, உடனே கையில் காசு. ஆனால் ஆண்டைப் பார்க்க மாட்டார்கள், கழிவும் போடுவார்கள். சேகரிப்பாளர் ஆண்டைப் பார்ப்பார். 1911ஆம் ஆண்டு ஜார்ஜ் ரூபாயில் அரசரின் அங்கியில் உள்ள யானை பன்றிபோல் இருக்கிறது என்று மக்கள் கொதித்து, உருவத்தைத் திருத்தினார்கள். அந்தக் காசுக்குத் தனி விலை உண்டு. 1939 ரூபாய் மிக அரிது; 1938ஐச் செதுக்கி 1939 ஆக்கிய போலிகளும் உலவுகின்றன. ஆகவே முதலில் சேகரிப்பாளரிடம் காட்டிவிட்டு, தேய்ந்த, சாதாரண ஆண்டுக் காசுகளை மட்டும் வெள்ளி விலைக்குக் கொடுப்பதே சரி. காட்டுவதற்கு முன் புளி, சாம்பல் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், விலை இறங்கிவிடும்.

நோட்டுகள்

கிழிந்த நோட்டுக்குக் கமிஷன் ஏஜென்டைத் தேடவே வேண்டாம், வங்கிக் கிளையே மாற்றித் தரவேண்டும். 20 ரூபாய் வரையிலான நோட்டில் ஒரே துண்டாகப் பாதிக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு. 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுசு, 40 முதல் 80 வரை பாதி.

2016 நவம்பர் 8இல் ரத்தான 500, 1000 நோட்டுகளை எங்கேயும் மாற்ற முடியாது. பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பதே 2017 சட்டப்படி குற்றம். ஆய்வுக்கும் சேகரிப்புக்கும் என்றால் 25 வரை. 2019இல் திருப்பூர் மாவட்டத்தில் இரண்டு மூதாட்டிகள், அக்கா தங்கை, மருத்துவச் செலவுக்கென்று சேர்த்த 46,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தபோதுதான் அது செல்லாது என்றே அவர்களுக்குத் தெரிந்தது. அந்தச் செய்தி இன்னும் என் மனதை உறுத்துகிறது.

2000 ரூபாய் நோட்டு அந்த நிலைக்குப் போகவில்லை. 2023 மே 19இல் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார்களே தவிர, ரத்து செய்யவில்லை. வங்கிக் கிளை இப்போது வாங்காது. சென்னை ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுக்கலாம், அல்லது தபால் நிலையத்திலிருந்து அனுப்பி வங்கிக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அரிசிப் பானை, புடவை மடிப்பு, பழைய கைப்பை எல்லாவற்றையும் அவர்களோடு உட்கார்ந்து இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.