என்விடிஏவுடன் 11 வருடம்: பச்சைப் பட்டனைத் தேடி

2014-இலிருந்து என்விடிஏ பயன்படுத்துகிறேன். பார்வை உள்ளவர்களுக்காக ஒரு வரி: திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கினார். அவருக்கும் பார்வை கிடையாது. இதே வேலைக்கு அப்போது பெயர் வாங்கியிருந்த ஜாஸ் மென்பொருளின் விலையைக் கேட்டாலே எங்களுக்குத் தலை சுற்றும். இது இலவசம்.

மென்பொருளைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் அது எனக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பது, நான் திறக்கும் தளத்தைக் கட்டியவர் கையில் இருக்கிறது.

எச் தட்டினால் அடுத்த தலைப்பு, பி தட்டினால் அடுத்த பட்டன், இ தட்டினால் அடுத்த எழுதும் கட்டம். ஒழுங்காகக் கட்டிய செய்தித் தளத்தில் நான்கு முறை எச் தட்டி எனக்கு வேண்டிய செய்திக்குப் போய்விடுவேன். சில தளங்களில் எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, அதையே தலைப்பு என்று விட்டுவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு அது தலைப்பு. எனக்கு ‘நோ நெக்ஸ்ட் ஹெட்டிங்’. அப்புறம் மெனு, விளம்பரம் என்று உச்சியிலிருந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டு வர வேண்டியதுதான்.

மாதாமாதம் பில் கட்டும் தளம் ஒன்று. கடைசிப் பக்கம் வரை சிக்கல் இல்லை. தொகை சரி, கார்டு எண்ணும் போட்டாயிற்று. டேப் தட்டினால் அடுத்த கட்டத்துக்கோ பட்டனுக்கோ போக வேண்டும். இங்கே நேராகப் பக்கத்தின் அடியில் இருக்கும் ‘பிரைவசி பாலிசி’க்குப் போகிறது. ஷிஃப்டோடு டேப் தட்டிப் பின்னால் வந்தால் மறுபடி கார்டு எண். அம்புக்குறியில் வரிவரியாக இறங்கிப் பார்த்தேன். நடுவில் ஒன்றுமே இல்லை. கொடுத்த பத்து நிமிடமும் தீர்ந்து, முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. மூன்றாவது முறை பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். “அண்ணே, இந்தா பச்சைக் கலர்ல பெருசா இருக்கே!” என்றான்.

இருந்தது, பட்டனாக இல்லை. ‘டிவ்’ என்ற வெறும் பெட்டி ஒன்றுக்குப் பின்னணியாகப் பச்சைப் படத்தை வைத்து, மௌஸ் பட்டால் மட்டும் வேலை செய்யும்படி விட்டிருந்தார்கள். ‘பே நவ்’ என்பதும் அந்தப் படத்துக்குள்ளேயே இருந்தது. கீபோர்டுக்கும் என்விடிஏவுக்கும் அங்கே வெற்றிடம்தான். கார்டு எண்ணையும் ஓடிபியையும் அவன் முன்னால் திறந்து வைத்துத்தான் என் பில்லைக் கட்டினேன். நல்ல பையன், அது வேறு விஷயம்.

வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு எங்களைப் போன்றோருக்குத் தடையாகும் பிழை உண்டா என்று வருடாவருடம் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025-இல் அவற்றில் 94.8 விழுக்காட்டில் பிழை. திரும்பத் திரும்பக் கிடைப்பவை ஆறே வகைதான்: மங்கலான எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயர் இல்லாத கட்டம், காலி லிங்க், காலி பட்டன், எந்த மொழி என்று சொல்லாத பக்கம்.

கடைசியாகச் சொன்னது தமிழில் படிப்பவர்களை நேராகவே அடிக்கிறது. விண்டோஸில் வரும் தமிழ்க் குரலுக்கு வள்ளுவர் என்று பெயர், அதில்தான் கேட்கிறேன். பக்கம் முழுக்கத் தமிழ் இருக்கும், நிரலில் மட்டும் ஆங்கிலம் என்று குறித்திருப்பார்கள். எங்கிருந்தோ வாங்கிய டெம்ப்ளேட்டாக இருக்கும். என்விடிஏ அதை நம்பி ஆங்கிலக் குரலுக்கு மாறும். அந்தக் குரல் தமிழைத் தாண்டிக்கொண்டு போய் நடுவில் கிடக்கும் எண்களை மட்டும் வாசிக்கும். தானாக மொழி மாறுவதை அமைப்பில் நிறுத்தி வைத்த பிறகுதான் நிம்மதி. மாற்ற வேண்டியது, நிரலின் தொடக்கத்தில் மொழியைக் குறிக்கும் இரண்டே எழுத்து.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் இதைவிட மோசம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, கண்ணுக்கு மட்டும் தமிழ். ‘அம்மா’ என்பது அதில் எம் கே செமிகோலன் கே எச். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டது. இன்னும் சுற்றறிக்கைகள் இப்படி வந்துகொண்டிருக்கின்றன.

‘நீ மனிதன்தானா’ என்று படத்தைக் காட்டிச் சோதிக்கும் கேப்சாவைப் பற்றி என்ன சொல்ல. ஒலி வடிவம் இல்லாத கேப்சா வந்தால் தளத்தை மூடிவிடுவேன். எழுத்தைப் பெரிதாக்க மூன்று ஏ, நிறம் மாற்ற இரண்டு கட்டம் என்று தலையில் ஒட்டி வைக்கும் பட்டையும் எனக்கு உதவியதில்லை. பார்வை மங்கியவர்கள் பலர்கூட பிரௌசரிலேயே பெரிதாக்கிக்கொள்கிறார்கள். அந்தப் பட்டைக்கான நேரத்தில் கட்டங்களுக்குப் பெயர் வைத்திருக்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகுவதும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பால் வெளியே நின்றவர்கள் போட்ட வழக்கு அது. ஆசிட் வீச்சில் கண்ணை இழந்தவர்களும் அதில் உண்டு. எங்கள் வாட்ஸப் குழு அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் பில் தளத்தைத் திறந்தேன். பச்சை டிவ் அங்கேயேதான் இருந்தது.

எந்தப் பக்கம், எந்த இடம், என்ன மாற்ற வேண்டும் என்று எழுதி மெயில் போட்டேன். மூன்றாவது மெயிலுக்கு ஒரு பையன் போன் செய்தான்.

“சார், எங்களுக்கு இங்க நல்லாத்தானே வருது?”

“மௌஸைக் கழட்டி வச்சிட்டு ஒரு தடவை பணம் கட்டிப் பாருங்க தம்பி.”

அந்தப் பக்கம் டேப் தட்டும் சத்தம். நின்றது. மறுபடி தட்டும் சத்தம்.

“கீழே போயிடுது சார்.”

பத்து நாளில் ‘பே நவ், பட்டன்’ என்று காதில் விழுந்தது. அன்று தேவையே இல்லாமல் பில்லை முன்கூட்டியே கட்டினேன்.

போன மாதம் தளத்துக்குப் புது வடிவம் கொடுத்திருக்கிறார்கள். பட்டன் பட்டனாகவே இருக்கிறது. தேதிக்கென்று புதிதாக ஒரு காலண்டர் வைத்திருக்கிறார்கள். அதற்குள் டேப் போனால் வெளியே வருவதில்லை. நல்லவேளை, போன் செய்த அந்தத் தம்பியின் நம்பரை அழிக்கவில்லை.